கடன் கொடுத்த நாடு படைத்தளம் கேட்குமா? அம்பாந்தோட்டையை வைத்து ஒரு கேள்வி

மாங்குளத்தான் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். மகள் உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிறாள். கிளிநொச்சியில் ஒரு விவாதப் போட்டி வருகிறது, தலைப்பு "வல்லரசுகள் கடனைக் காட்டியே வெளிநாடுகளில் படைத்தளம் பிடிக்கின்றன". இவளுக்கு எதிரணி விழுந்துவிட்டது. இதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது, அம்பாந்தோட்டையைப் பார், கடனைக் கட்ட முடியாமல்தானே சீனாவிடம் கொடுத்தோம் என்றேன். "சரி அப்பா, அங்கே சீனப் படை நிற்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறாள்.

இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். அம்பாந்தோட்டையில் உண்மையில் நடந்தது என்ன? கடனைத் தள்ளுபடி செய்து அதற்குப் பதிலாகத் தளம் வாங்கிய நாடு ஏதாவது இருக்கிறதா, இல்லை இது வெறும் பேச்சா? காசைக் காட்டியும் "முடியாது" என்று சொன்ன நாடு உண்டா? பத்திரிகைத் தலையங்கம் மாதிரி வேண்டாம், பிள்ளை மேடையில் நின்று சொல்லக்கூடிய மாதிரி வருடம், தொகையோடு சொன்னால் பெரிய உதவி.

பூநகரிப் பொடியன் எழுதியது:

அண்ணை, மகளுக்குத் தோற்கிற பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். 99 வருடக் குத்தகை என்றால் என்ன? எங்கள் பேரப்பிள்ளைகளின் காலமும் போய்விடும். 2021இல் எங்கள் கௌதாரிமுனையில் சீனக் கடலட்டைப் பண்ணை வந்தபோது கடற்றொழிலாளர் சங்கங்கள் எவ்வளவு கத்தின, யார் காது கொடுத்தது? இன்றைக்கு அட்டை, நாளைக்கு கப்பல். படைத்தளம் என்று பெயர்ப்பலகை போட்டுக்கொண்டா வருவார்கள்?

குளக்கட்டு எழுதியது:

தம்பி பூநகரி, கடலட்டையையும் போர்க்கப்பலையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். கௌதாரிமுனைப் பிரச்சினை உண்மையான பிரச்சினை, ஆனால் அது கரையையும் தொழிலையும் பற்றியது. மாங்குளத்தார் கேட்டது வேறு.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அம்பாந்தோட்டை முதல் கட்டத்துக்கு 2007இல் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் வாங்கிய கடன் 307 மில்லியன் டொலர், வட்டி 6.3 வீதம். 2010 நவம்பரில் துறைமுகத்தைத் திறந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை, நட்டம் ஏறியது. 2017இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது, தொகை 1.12 பில்லியன் டொலர். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அடுத்தது பலருக்குத் தெரியாது: அந்த 1.12 பில்லியன் சீனக் கடனைக் கழிக்கப் போகவில்லை. அரசாங்கத்தின் டொலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே அரசாங்கத்தின் தலையில் நின்றது.

வயல் கணக்கில் சொல்கிறேன். மச்சானிடம் கடன் வாங்கி வயலில் கிணறு வெட்டுகிறீர்கள், கிணற்றில் தண்ணீர் காணவில்லை. இதற்கிடையில் ஊரெல்லாம் வேறு கடன், கடைக்காரன் வாசலில் நிற்கிறான். கடைக்காரனைச் சமாளிக்க அதே வயலை அதே மச்சானுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துக் காசு வாங்குகிறீர்கள். மச்சானுக்குக் கட்ட வேண்டிய பழைய கடன் இன்னும் இருக்கிறது, வயலும் உங்கள் கையில் இல்லை. இதுதான் நடந்தது. மச்சான் வயலைப் பறித்தான் என்று சொன்னால் பொய். மச்சானுக்கு ஒரு பங்கும் இல்லை என்றாலும் பொய்.

கடைக்காரன் யார்? அந்தக் காலத்தில் இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு சர்வதேச இறைமைப் பிணைமுறிகள், அதாவது மேற்கு நாட்டுச் சந்தைகளில் விற்ற கடன் பத்திரங்கள். சீனாவின் பங்கு, எதை எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, பத்து முதல் இருபது வீதம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தபோது அதிகம் அலறியவர்களும் பிணைமுறிக்காரர்கள்தான். மகள் எதிரணி என்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

இனி பிள்ளை கேட்ட கேள்வி. சீனப் படை அங்கே இல்லை. துறைமுகப் பாதுகாப்பு இலங்கைக் கடற்படையிடம்தான் இருக்கும் என்று அரசாங்கம் சொன்னது, 2018இல் தெற்குக் கடற்படைத் தலைமையகத்தை காலியிலிருந்து அம்பாந்தோட்டைக்கு மாற்றுவதாகவும் அறிவித்தார்கள். ஆனால் 2022 ஓகஸ்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடர்கிற சீனக் கப்பல் யுவான் வாங் 5 வரப் போகிறது. இந்தியா எதிர்க்கிறது. கொழும்பு முதலில் வருகையைப் பின்போடச் சொன்னது, பிறகு அனுமதித்தது. 16ஆம் திகதி கப்பல் வந்து கட்டியது. அந்த நேரம் கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் சம்மதம் வேண்டும், எரிபொருளுக்கும் மருந்துக்கும் இந்தியாவின் கடன் வேண்டும். இரண்டு பேருக்கும் முகம் முறிக்க முடியாத நிலை. கடன் தளமாக மாறவில்லை, ஆனால் "வேண்டாம்" என்று சொல்கிற வாயை அடைத்தது. 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று மொத்தமாகத் தடை போட்டார்கள், ஒருவரை மட்டும் தடுக்கத் துணிவில்லாததால்தான் அப்படி என்பது என் எண்ணம்.

வற்றாப்பளை லண்டன் எழுதியது:

குளக்கட்டு ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லோரும் சீனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தியப் பெருங்கடலில் உண்மையாகவே நிற்கிற பெரிய தளம் எது? டியாகோ கார்சியா. சாகோஸ் தீவுகளில் ஒன்று அது, நிற்பது அமெரிக்கத் தளம். அது எப்படிக் கிடைத்தது என்று மகளுக்குச் சொல்லுங்கள், மாங்குளத்து அண்ணை.

1965இல் மொரிசியஸ் இன்னும் பிரித்தானியக் குடியேற்றநாடு. சுதந்திரம் கேட்கிறார்கள். பிரித்தானியா சாகோஸ் தீவுகளை மொரிசியஸிலிருந்து பிரித்தெடுத்தது, கொடுத்த தொகை 3 மில்லியன் பவுண். சுதந்திரம் வேண்டுமென்றால் தீவை விடு என்ற நிலையில் வைத்துத்தான் பேசினார்கள், இதைச் சும்மா பேச்சுவார்த்தை என்று நான் சொல்லமாட்டேன். 1966 டிசம்பரில் அமெரிக்காவுக்கு 50 வருடம், விரும்பினால் மேலும் 20 வருடம் என்று உடன்படிக்கை. காகிதத்தில் வாடகை கிடையாது. ஆனால் போலாரிஸ் ஏவுகணைகளை வாங்கும்போது பிரித்தானியா கட்ட வேண்டிய ஆய்வுச் செலவில் 14 மில்லியன் டொலர் வரை அமெரிக்கா இரகசியமாகக் கழித்துவிட்டது. அமெரிக்கக் காங்கிரஸுக்குக்கூட அப்போது சொல்லவில்லை.

தீவில் இருந்த சனம்? 1968க்கும் 1973க்கும் இடையில் முழுப் பேரையும் ஏற்றி மொரிசியஸிலும் சீசெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள், 1,500 முதல் 2,000 பேர் வரை. தென்னந்தோட்டத்தில் வேலை செய்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை, ஒப்பந்தத் தொழிலாளர் என்று எழுதிவிட்டார்கள், ஊர்ச்சனம் என்று எழுதினால் உரிமை வந்துவிடுமே. அவர்களின் நாய்களைக்கூடக் கொன்றார்கள்.

எங்கள் ஆட்களுக்கும் அந்தத் தீவு தெரியும். 2021 ஒக்டோபரில் கனடாவுக்கு என்று புறப்பட்ட படகு ஒன்று நடுக்கடலில் பழுதாகி, 89 தமிழர்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். கூடாரத்துக்குள் வேலி போட்டு மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அது சட்டவிரோதத் தடுப்பு என்று தீர்ப்பளித்தது, அந்த மாதமே அங்கே மிஞ்சி நின்றவர்களில் பெரும்பாலானோரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். குடிமக்களே இல்லாத தளத்தில் ஒரு குழந்தை விளையாட இடம் கேட்டால் யாரிடம் கேட்பது? பொலிஸும் படை, நிர்வாகமும் படை. அந்தச் செய்திகளை வாசித்தபோது எனக்கு 2009இல் செட்டிகுளத்து முகாம்கள்தான் கண்ணுக்குள் நின்றன, அதற்கு மேல் அதைப்பற்றி எழுத விருப்பமில்லை.

பின்கதையும் உண்டு. 2019இல் சர்வதேச நீதிமன்றம் தீவுகளைப் பிரித்தது தவறு என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் மொரிசியஸோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் இறைமை மொரிசியஸுக்கு, டியாகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகை, பிரித்தானியா சராசரியாக வருடத்துக்கு 101 மில்லியன் பவுண் கட்டும். மூன்று மில்லியனில் முடிந்த விஷயம் அறுபது வருடத்தில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அப்போது மொரிசியஸ் கைநீட்டிக்கொண்டு நின்ற நேரம், அதுதான் வித்தியாசம்.

ஒட்டுசுட்டான் சந்தி எழுதியது:

வாடகைக் கதை என்றால் கியூபாவில் இருக்கிற அமெரிக்கத் தளம் குவாந்தனாமோவை விடக்கூடாது. 1903இலிருந்து குத்தகை, முதலில் வருடத்துக்கு 2,000 டொலர் பெறுமதியான தங்கம், பிறகு 4,085 டொலர். புரட்சிக்குப் பிறகு கியூபா ஒரே ஒரு காசோலையை மாற்றியது, அதுவும் ஆரம்பக் குழப்பத்தில் நடந்தது என்று சொல்கிறார்கள். மற்றதெல்லாம் மாற்றாமலே கிடக்கிறது. இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் குத்தகை முடியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காசு வேண்டாம் என்றாலும் ஆள் எழும்பமாட்டான்.

தண்ணீரூற்று எழுதியது:

மாங்குளத்தான் அண்ணை, "கடனைத் தள்ளித் தளம் வாங்கிய நாடு" என்று நேராகக் கேட்டீர்கள். நேரான பதில் கிர்கிஸ்தான். ஒரே நாட்டில் இரண்டு வல்லரசும் ஏலம் கேட்ட இடம் அது, மகள் இதைப் படித்துக்கொண்டு போனால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

அமெரிக்கா ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்காக பிஷ்கெக் பக்கத்தில் மனாஸ் விமானத் தளத்தை வைத்திருந்தது, வாடகை வருடத்துக்கு 17.4 மில்லியன் டொலர். 2009 பெப்ரவரியில் கிர்கிஸ் ஜனாதிபதி பாக்கியேவ் மொஸ்கோவுக்குப் போனார், ரஷ்யா இரண்டு பில்லியன் டொலர் கடனும் உதவியும் தருவதாகச் சொன்னது, அந்தப் பயணத்திலேயே தளத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்தார். சில மாதங்களில் அமெரிக்கா வாடகையை 60 மில்லியனாக ஏற்றியது, தளம் மூடவில்லை, பெயரை மட்டும் "இடைத்தங்கல் நிலையம்" என்று மாற்றினார்கள். ரஷ்யாவுக்கு எப்படி இருந்திருக்கும்! பாக்கியேவ் அடுத்த வருடமே மக்கள் எழுச்சியில் நாட்டை விட்டு ஓடினார். 2012இல் புட்டின் பிஷ்கெக்குக்குப் போய் சுமார் 489 மில்லியன் டொலர் கடனைத் தள்ளுபடி செய்ய உடன்பட்டார், அதே வருகையில் கான்ட் தளம் உட்பட ரஷ்யப் படை நிலைகளுக்கு 2017இலிருந்து மேலும் 15 வருட உடன்படிக்கை. 2014இல் அமெரிக்கா மூட்டை கட்டியது. கடனும் தளமும் ஒரே மேசையில், ஒரே பயணத்தில். இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை, செய்தது சீனாவும் இல்லை அமெரிக்காவும் இல்லை.

ஜிபூட்டி வேறு விதம். சின்ன நாடு, செங்கடல் வாசல், வேறு வருமானம் குறைவு. ஆகவே தளத்தையே தொழிலாகச் செய்கிறார்கள். பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, எல்லோரும் இருக்கிறார்கள். 2014இல் அமெரிக்க வாடகை 63 மில்லியன் டொலராக ஏறியது. சீனா ரயில் பாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் துறைமுகத்துக்கும் கடன் கொடுத்த பிறகு, 2017 ஓகஸ்டில் தன் முதல் வெளிநாட்டுத் தளத்தை அங்கே திறந்தது. கடனால்தான் தளம் வந்ததா என்று கேட்டால், ஜிபூட்டி கடன் இல்லாமலும் கொடுத்திருக்கும், எல்லோருக்கும் கொடுக்கிறதுதானே.

இன்னொன்று, வல்லரசும் இந்த வலையில் விழுந்திருக்கிறது. 1940 செப்டம்பர். பிரித்தானியாவிடம் டொலர் தீர்ந்துகொண்டு வருகிறது, ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தின்கின்றன. அமெரிக்கா 50 பழைய நாசகாரிக் கப்பல்களைக் கொடுத்தது. பதிலுக்கு நியூபவுண்ட்லாந்திலிருந்து பெர்முடா, ஜமைக்கா, டிரினிடாட், பிரித்தானிய கயானா வரை தளம் அமைக்க உரிமை, 99 வருடக் குத்தகை. ஆம், அதே 99. டிரினிடாட்காரனையோ ஜமைக்காக்காரனையோ யாரும் கேட்கவில்லை. தளம் அவன் நிலத்தில், கப்பல் லண்டனுக்கு.

மாங்குளத்தான் எழுதியது:

நன்றி தம்பிமார், ஐயா. மகள் பக்கத்தில் இருந்து குறிப்பு எடுக்கிறாள். அவளுக்கு இப்போது ஒரு குழப்பம்: கிர்கிஸ்தான் கதை தலைப்பை ஆதரிக்கிறதே தவிர எதிர்க்கவில்லை, அதை அவள் பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகாதா என்கிறாள். முடியாது என்று சொன்ன நாடுகளைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை.

குளக்கட்டு எழுதியது:

பிள்ளையிடம் சொல்லுங்கள், தலைப்பில் "கடனைக் காட்டியே" என்று இருக்கிறது. அந்த ஏகாரத்தைப் பிடித்தால் போதும். கடன் ஒரு பிடி, ஆனால் அது ஒன்றே பிடி இல்லை, வைத்த பிடி எல்லா நேரமும் வேலை செய்வதும் இல்லை. கிர்கிஸ்தானைத் தானே முதலில் சொல்லிவிடட்டும், எதிரி சொல்ல முன்னர்.

மறுத்தவர்கள். துருக்கி, 2003 மார்ச் 1. ஈராக்குக்குள் வடக்கிலிருந்து இறங்க 62,000 அமெரிக்கப் படையினரைத் துருக்கியில் நிறுத்த அனுமதி கேட்டார்கள். அதற்கு 6 பில்லியன் டொலர் கொடை, அதோடு 24 பில்லியன் வரை கடன் என்று பேசினார்கள். துருக்கி அப்போதுதான் 2001 நெருக்கடியில் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கிறது, சர்வதேச நாணய நிதியத்தின் கடனில் ஓடுகிறது. கழுத்தில் கயிறு என்றால் இதுதான். ஆனாலும் பாராளுமன்றத்தில் 264 ஆதரவு, 250 எதிர்ப்பு, 19 பேர் நடுநிலை, பிரேரணை தோற்றது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள், வெளியே வீதி நிறையச் சனம்.

பிலிப்பைன்ஸ். 1947இல் 99 வருடத்துக்கு எழுதிக் கொடுத்த தளங்கள், பிறகு காலத்தைக் குறைத்து 1991 என்று வைத்தார்கள். யுத்தத்தில் மணிலா தரைமட்டமான நேரம், மீள்கட்டுமானக் காசு அமெரிக்காவிடம் இருந்துதான் வரவேண்டும் என்ற நேரத்தில் கையெழுத்தான உடன்படிக்கை அது. 1991 செப்டம்பர் 16, புதிய ஒப்பந்தத்துக்கு வருடம் 203 மில்லியன் டொலர் தருகிறோம் என்றார்கள், செனட் சபையில் 12க்கு 11 என்று நிராகரித்தார்கள். அடுத்த வருட நவம்பரில் சுபிக் குடாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. பிறகு தென்சீனக் கடலில் சீனா நெருக்க, 2014இல் வேறு பெயரில் அமெரிக்கரைத் திரும்பவும் கூப்பிட்டார்கள், இப்போது ஒன்பது இடங்களில் அவர்களுக்கு இடம். அந்த இரண்டாம் முறை கூப்பிட்டது பயம், கடன் இல்லை. இது எதிரணிக்கு நல்ல புள்ளி.

எங்கள் நாடும் ஒரு முறை மறுத்திருக்கிறது. 1947இல் சுதந்திரத்தோடு சேர்த்தே பாதுகாப்பு உடன்படிக்கை என்று கையெழுத்து வாங்கினார்கள், திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரித்தானியரிடமே இருந்தன. 1957இல் பண்டாரநாயக்கா இரண்டையும் திருப்பி வாங்கினார். அவர் தமிழருக்குச் செய்ததை நான் மறக்கவில்லை, ஒருவரும் அதைப்பற்றி இங்கே தொடங்க வேண்டாம், ஆனால் தளம் திரும்பி வந்தது உண்மை. அப்போது கொழும்பு இப்படிக் கடனில் மூழ்கி இருக்கவில்லை.

பூநகரிப் பொடியன் எழுதியது:

திருகோணமலை என்று சொன்னீர்கள் ஐயா, அப்படியே இந்தியாவையும் சொல்லுங்கள். சீனா என்றால் எல்லோரும் பாய்கிறோம், இந்தியா என்றால் வாயில் கொழுக்கட்டை. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தைச் சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை சம்மதித்தது. இந்தியா எதிர்த்தது. டிசம்பரில் சீனா விலகியது, அடுத்த மார்ச்சில் அதே திட்டம் இந்தியக் கொடைக்கு மாறியது. எங்கள் பூநகரியில் அதானி காற்றாலை என்றார்கள், 2025 பெப்ரவரியில் தாங்களாகவே விட்டுவிட்டுப் போனார்கள். எங்களை யார் கேட்டார்கள்?

தண்ணீரூற்று எழுதியது:

பொடியன் இந்த முறை சொன்னதில் விஷயம் இருக்கிறது. திகதிகளை வரிசையாக வைத்துப் பார். 2022 ஜனவரி, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் 99இல் 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கும் 14ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கும் ஒதுக்கி 50 வருட ஒப்பந்தம். பெப்ரவரி, எரிபொருள் வாங்க 500 மில்லியன் டொலர் இந்தியக் கடன் வசதி. மார்ச், மேலும் ஒரு பில்லியன் டொலர் கடன் வசதி, அதே மாதம் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கும் மிதக்கும் தளத்துக்கும் உடன்பாடுகள். மிதக்கும் தளம் என்றால் கப்பல் பழுது பார்ப்பது, படைத்தளம் இல்லை, குழம்ப வேண்டாம். அந்த வருடம் முழுவதும் இந்தியா தந்த உதவி நான்கு பில்லியன் டொலர் அளவு, அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து உழவு இயந்திரம் ஒன்றும் டீசல் காணாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராளுமன்றத்தில் காட்டுங்கள் என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தளம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே திருகோணமலையை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைக்கும் கொடுக்கமாட்டோம் என்று எழுதியாகிவிட்டது. மொரிசியஸின் அகலேகா தீவில் மூன்று கிலோமீற்றர் ஓடுபாதையும் இறங்குதுறையும் இந்தியா தன் செலவில் கட்டிக்கொடுத்து 2024 பெப்ரவரியில் திறந்தது, அதையும் தளம் என்று அந்த இரண்டு அரசாங்கங்களும் சொல்வதில்லை.

அமெரிக்காவும் இங்கே காசைக் காட்டியது. மிலேனியம் சலேஞ்ச் என்ற 480 மில்லியன் டொலர் கொடை, வீதிக்கும் காணிப் பதிவுக்கும். அதே காலத்தில் அமெரிக்கப் படையினர் இங்கே வந்து போவதற்கான சட்ட ஏற்பாடு பற்றியும் பேச்சு, 2019இல் தெற்கில் பெரிய கூச்சல். இரண்டும் வேறு வேறு என்று தூதரகம் சொல்லிப் பார்த்தது, சனம் நம்பவில்லை. 2020 டிசம்பரில் கொடையை நிறுத்திக்கொண்டார்கள்.

புலவுக்காரி எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி. ஆனால் வெளிநாட்டுப் படை நாளைக்கு வந்துவிடும் என்று முல்லைத்தீவில் இருந்துகொண்டு கவலைப்படுவது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. கேப்பாப்புலவுச் சனம் 2017 மார்ச்சிலிருந்து தங்கள் காணியைக் கேட்டு இராணுவ முகாம் வாசலில் எவ்வளவு காலம் இருந்தது? அந்தக் காணிக்கு யார் டொலர் கொடுத்தார்கள்? கடனும் இல்லை, குத்தகையும் இல்லை, உறுதி எங்கள் கையில், வேலி அவர்கள் கையில்.

குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி, அது தலைப்புக்கு வெளியே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை மேடையில் அதை எடுத்தால் நடுவர் நிறுத்திவிடுவார்.

புலவுக்காரி எழுதியது:

நிறுத்தட்டும் ஐயா. நான் சொல்ல வருவது வேறு. வற்றாப்பளை அண்ணா சாகோஸ் சனத்தைப் பற்றி எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு இரணைதீவு நினைவு வந்தது. 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே படகில் போய் இறங்கினார்கள், கடற்படை தடுக்கவில்லை. பிலவுக்குடியிருப்புச் சனம் ஒரு மாதம் வீதியில் படுத்துக் காணியை விமானப்படையிடமிருந்து திரும்ப எடுத்தது. தளம் யாருடையது என்றாலும், அதற்குள் போன நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் எங்கேயோ வாடகை வீட்டில் இருப்பார். டிரினிடாட்டில் ஒருவரும் கேட்கவில்லை, டியாகோ கார்சியாவில் கேட்கவில்லை. துருக்கியிலும் பிலிப்பைன்ஸிலும் மட்டும்தான் கேட்கிற இடத்தில் வாக்கு எடுத்தார்கள், அங்கேதான் முடியாது என்ற பதிலும் வந்தது. கடன் இருந்ததா இல்லையா என்பதைவிட இதைத்தான் நான் பேசுவேன். பிள்ளை எடுக்கிறதென்றால் எடுக்கட்டும்.

வற்றாப்பளை லண்டன் எழுதியது:

அக்கா சொன்னதுதான் எதிரணிக்குச் சரியான வாதம் என்று எனக்குப் படுகிறது. கிர்கிஸ்தானில்கூட பேரம் பேசியது ஜனாதிபதியும் அவர் ஆட்களும்தான், மனாஸ் தளத்துக்கு எரிபொருள் கொடுத்த வியாபாரத்தில் யார் யார் சம்பாதித்தார்கள் என்று அமெரிக்கக் காங்கிரஸே விசாரித்தது.

மாங்குளத்தான் எழுதியது:

மகள் இனித் தானே எழுதுகிறாளாம்.

வணக்கம் ஐயா, மாமாமார், அன்ரி. எல்லாம் எழுதி எடுத்துவிட்டேன். துருக்கியை முதலில் பேசப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். 264 ஆதரவு, 250 எதிர்ப்பு என்றால் ஆதரவுதானே கூட? அது எப்படித் தோற்றது? எங்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது முதல் வந்த கேள்வியே இதுதான், மற்ற அணிப் பிள்ளைகளும் கட்டாயம் கேட்பார்கள்.

குளக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி பிள்ளை. நடுநிலை வகித்த 19 பேரையும் கூட்டு, மொத்தம் 533. துருக்கியின் விதிப்படி சபையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், அதாவது 267. மூன்று வாக்குக் குறைந்தது. முதலில் நிறைவேறிவிட்டது என்றுதான் செய்தி போனது, பிறகு எண்ணிப் பார்த்துத் தோற்றது என்று அறிவித்தார்கள். துருக்கியில் இறங்கக் கப்பலில் காத்திருந்த அமெரிக்கப் படைப்பிரிவின் தளவாடங்களை சூயஸ் வழியாகச் சுற்றி குவைத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லு, நேரம் இருந்தால்.